தத்தி பெருகுவதும் நெல்லினமும்: வயலில் நடக்கும் ஒரு பெருக்கல் கணக்கு

தம்பலகாமத்திலோ கிண்ணியாவிலோ மூதூரிலோ விதைநெல் வாங்கப் போகும் கமக்காரர் வழக்கமாகக் கேட்பது நாலைந்து விஷயம். ஏக்கருக்கு எத்தனை மூடை விழும், எத்தனை மாதத்து நெல், வெள்ளையா சிவப்பா, ஆலைக்காரர் என்ன விலைக்கு எடுப்பார். பூச்சியைப் பற்றிக் கேட்டால் "இது தத்திக்குத் தாங்குமா?" என்று கேட்பதோடு சரி. தாங்கும் என்றோ தாங்காது என்றோ ஒரு பதில் வரும், அதைக் கேட்டுக்கொண்டு விதையைத் தூக்கி வந்துவிடுவோம்.

அந்தக் கேள்வியில் பாதிதான் இருக்கிறது. செடி தாங்குமா என்பது செடியைப் பற்றியது. அந்தச் செடியில் உட்கார்ந்து சாறு குடிக்கும் பூச்சி எத்தனை முட்டை இடும், அதில் எத்தனை பிழைக்கும், எத்தனை நாளில் அடுத்த தலைமுறை தயாராகும் என்பது பூச்சியைப் பற்றியது. மார்கழி, தை மாதங்களில் வயல் வட்டம் வட்டமாகக் காய்ந்து போவதா இல்லையா என்பதை இந்த இரண்டாவது கேள்விதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. முழு எதிர்ப்பு உள்ள இனம் கிடைக்காவிட்டால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பது பிழை. பூச்சியைக் கொல்லாமல், அதன் பெருக்கத்தைக் கொஞ்சம் மந்தமாக்கும் இனம்கூட ஒரு போகத்துக்குள் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கிவிடும். எப்படி என்பதைக் கபில நிறத் தத்தியை வைத்தே பார்ப்போம். கிழக்கில் பலர் அறக்கொட்டியான் என்று திட்டுவதும் இதைத்தான்.

முதலில் பூச்சி. கபில நிறத் தத்தி நெல்லையும் நெல்லின் காட்டு உறவுகளையும் விட்டால் வேறு எதிலும் ஒழுங்காகப் பிழைக்காது. மிளகாய் வாடினால் கத்தரிக்குப் போகும் வெண்ணிற ஈயைப் போன்றதல்ல இது. தத்திக்கு நெல்தான் வீடும் சாப்பாடும். பெண் தத்தி நெற்செடியின் அடிப்பகுதியில், இலைமடலைக் கீறி உள்ளே முட்டை வைக்கும். நல்ல சாப்பாடு கிடைத்தால் ஒரு பெண் நூறிலிருந்து முந்நூறு முட்டை வரை இடும். ஏழு முதல் ஒன்பது நாளில் முட்டை பொரிக்கும். வரும் குஞ்சு ஐந்து தடவை தோலுரித்து, ஏறக்குறைய இரண்டு வாரத்தில் வளர்ந்த பூச்சியாகும். முட்டையிலிருந்து அடுத்த முட்டை வரை எங்கள் வெப்பநிலையில் ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவு.

வளர்ந்த தத்தியில் இரண்டு வகை உண்டு. நீண்ட சிறகுள்ளவை பறந்து வந்து வயலில் இறங்குபவை. குட்டைச் சிறகுள்ளவை பறக்காது. இருந்த இடத்திலேயே குடித்து, சீக்கிரம் முட்டையிடத் தொடங்கி, நீண்ட சிறகுக்காரியை விட அதிகம் இடும். சாறு நன்றாக இருந்து நெரிசலும் இல்லையென்றால் குட்டைச் சிறகுப் பெண்கள் அதிகமாக வரும். பயிர் முற்றி நெரிசல் கூடும்போது நீண்ட சிறகுகள் தலைகாட்டும், பிறகு அடுத்த வயலுக்குப் பறக்கும். ஆக, செடியின் சாறு எப்படிப்பட்டது என்பது முட்டையின் எண்ணிக்கையை மட்டுமல்ல, பூச்சியின் உடலமைப்பையே மாற்றிவிடுகிறது.

இனிக் கணக்குக்கு வருவோம். பின்வரும் எண்கள் விளக்குவதற்காக நான் எடுத்துக்கொண்டவை, எந்த ஒரு இனத்தினதும் அளவீடு அல்ல.

முதலாவது இனத்தில் ஒரு பெண் 200 முட்டை இடுகிறது என்று வைப்போம். பாதி பெண் என்றால் 100 மகள்கள். சிலந்தி, மழை, நோய் எல்லாம் போகப் பத்தில் ஒன்று பிழைத்தால் ஒரு பெண்ணுக்குப் பதில் பத்துப் பெண். மூன்று தலைமுறையில் ஆயிரம். இரண்டாவது இனம் பெரிய எதிர்ப்பு எதுவும் காட்டவில்லை. முட்டையை 30 வீதம் குறைக்கிறது, பிழைப்பதையும் 30 வீதம் குறைக்கிறது, அவ்வளவுதான். அதாவது 140 முட்டை, 70 மகள்கள், நூற்றுக்கு ஏழு பிழைப்பு. ஒரு பெண்ணுக்குப் பதில் ஏறக்குறைய ஐந்து. மூன்று தலைமுறையில் இது 118 தான். இரண்டு இடத்தில் 30 வீதம் குறைத்ததற்கு, முடிவில் எட்டில் ஒரு பங்குக்கு இறங்கிவிட்டது.

இன்னொன்றைச் சேர்ப்போம். சாறு சரியில்லாத செடியில் குஞ்சு மெதுவாக வளரும். முதல் இனத்தில் ஒரு தலைமுறைக்கு 26 நாள், இரண்டாவதில் 30 நாள் என்று வைத்தால், 75 நாளில் முதலாவதில் ஒன்று 767 ஆகிறது, இரண்டாவதில் 53. எட்டு மடங்கு வித்தியாசம் பதினான்கு மடங்காகிவிட்டது. முதலாவதில் தத்தியின் தொகை எட்டு நாளுக்கு ஒரு முறை இரட்டிக்கிறது, மற்றதில் பதின்மூன்று நாள் ஆகிறது. வட்டிக்கு வட்டி போட்டுக் கடன் கொடுப்பவரிடம் மாத வட்டியில் ஒன்றிரண்டு வீதம் குறைத்துக் கேட்டுப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. குறைப்பு சின்னது, தவணை கூடக் கூட வித்தியாசம் பெரிது.

நாற்றாக நட்ட வயலில் 20 சென்டிமீற்றர் இடைவெளி என்றால் சதுர மீற்றருக்கு 25 புடை, அதாவது ஒரே இடத்தில் நட்ட நாற்றுக் கொத்து. சதுர மீற்றருக்கு ஒரு பெண்ணோடு தொடங்கினால், முதல் இனத்தில் புடைக்கு முப்பது பெண், இரண்டாவதில் இரண்டு. முப்பது என்பது பயிர் எரிகிற எண்ணிக்கை. இரண்டு என்பது குனிந்து விலக்கிப் பார்த்தால்தான் கண்ணில் படும்.

பூச்சியின் பெருக்கத்தை இப்படி ஒரு ஒற்றை எண்ணாக்கிப் பார்க்கும் வழக்கத்துக்கு வயது முக்கால் நூற்றாண்டுக்கு மேல். அவுஸ்திரேலியச் சூழலியலாளர் சார்ள்ஸ் பேர்ச் 1948 இல் அரிசி வண்டை எடுத்து, பிறப்பு, இறப்பு, வயது எல்லாவற்றையும் சேர்த்து அதன் இயல்பான பெருக்க வீதத்தைக் கணித்துக் காட்டினார். 29 பாகை செல்சியஸில், ஈரப்பதன் 14 வீதமுள்ள கோதுமையில், அந்த வண்டு வாரத்துக்கு இரண்டு மடங்கைத் தாண்டிப் பெருகியது. 29 பாகை என்பது திருகோணமலையில் ஒரு சாதாரண அறையின் வெப்பநிலை என்பதையும், பெயர் அரிசி வண்டாக இருந்தாலும் அளந்தது கோதுமையில் என்பதையும் கவனியுங்கள். பூச்சி, வெப்பம், உணவு மூன்றையும் சேர்த்துச் சொல்லாமல் "இந்தப் பூச்சி இவ்வளவு வேகமாகப் பெருகும்" என்று சொல்வதில் அர்த்தமில்லை. பயிரினம் மாறினால் உணவு மாறுகிறது, வீதமும் மாறுகிறது.

சரி, செடி இதை எப்படிச் செய்கிறது? அமெரிக்கப் பூச்சியியலாளர் ரெஜினால்ட் பெயின்டர் 1951 இல் பிரித்துத் தந்த மூன்று வழிகளை இன்றும் எல்லோரும் பாவிக்கிறார்கள். பூச்சிக்கு அந்தச் செடி பிடிக்காமல் போவது ஒன்று. பிடித்துச் சாப்பிட்டாலும் பூச்சியின் உடல் கெடுவது, அதாவது முட்டை குறைவது, குஞ்சு சாவது, வளர்ச்சி பிந்துவது இன்னொன்று. பூச்சி நன்றாகவே வாழ்ந்து பெருக, செடியும் அதைப் பொறுத்துக்கொண்டு விளைவது மூன்றாவது.

இந்த மூன்றையும் நாங்கள் "தாங்கும்" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். அதுதான் சிக்கல். மூன்றாவது வகைச் செடி தன் சொந்தக்காரருக்கு நல்லது. அவருடைய வயல் பச்சையாகவே நிற்கும். ஆனால் பூச்சியின் எண்ணிக்கை அங்கே குறையவில்லை, வளர்ந்துகொண்டே இருக்கிறது. நீண்ட சிறகு முளைத்ததும் அவை வரம்பு தாண்டிப் பக்கத்துக் கண்டத்துக்குப் போகும். பொறுத்துக்கொள்ளும் இனத்தால் ஒரு நன்மையும் உண்டு. பூச்சியை அது நெருக்குவதில்லை, ஆகவே அதை மீறக்கூடிய பூச்சிகள் தெரிவாகி மேலே வருவதுமில்லை. அப்படியிருந்தும், ஒரே வாய்க்காலில் நாற்பது ஐம்பது பேர் வயல் செய்யும் எங்கள் பக்கத்தில், அயலாரின் பூச்சி என்று ஒன்று கிடையாது. அதனால் எனக்கு இரண்டாவது வகைதான் முக்கியமாகப் படுகிறது.

இரண்டாவது வகை வேலை செய்யும் விதம் அழகானது. தத்தி தன் ஊசி வாயைச் செருகித் தேடுவது உரியத்தை, அதாவது செடி சீனியையும் அமினோ அமிலத்தையும் கொண்டுபோகும் குழாயை. எதிர்ப்பில்லாத இனத்தில் குழாயைக் கண்டுபிடித்ததும் மணிக்கணக்கில் உறிஞ்சும். மிஞ்சிய சீனித் தண்ணீர் பின்னால் சொட்டி, செடியின் அடியில் கறுப்புப் பூஞ்சணம் பிடிப்பது அதனால்தான். எதிர்ப்புள்ள இனத்திலும் தத்தி குத்தும். சொல்லப்போனால் கூடுதல் தடவை குத்தும். ஆனால் குழாயில் குத்தியதும் செடி அந்த இடத்தில் கலோஸ் என்ற பொருளைப் படியவிட்டு அடைத்துக்கொள்கிறது. எதிர்ப்பில்லாத செடியிலும் அடைப்பு உண்டாவதுதான், அங்கே அது மீண்டும் கரைந்து வழி திறந்துவிடுகிறது. எனவே தத்தி பட்டினி கிடக்கிறது, ஆனால் உடனே சாவதில்லை. ஆய்வுகூடத்தில் வடிதாளைச் செடியின் அடியில் வைத்து, அதில் சொட்டிய தேன்துளியின் பரப்பை அளந்தே எந்த இனத்தில் எவ்வளவு குடித்தது என்று மதிப்பிடுகிறார்கள். குடித்த அளவு குறைந்தால் முட்டை குறையும்.

இதற்குப் பழைய உதாரணம் முட்கோ என்ற இந்திய இனம். பிலிப்பைன்ஸில் லொஸ் பானோஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1960களின் கடைசியில் இதன் எதிர்ப்பைக் கண்டது. முட்கோவில் விட்ட பெண் தத்திகளின் சூலகம் சரியாக முதிரவில்லை. அந்தச் செடியில் அஸ்பரஜின் என்ற அமினோ அமிலம் குறைவாக இருந்ததை 1970 இல் வெளியான ஆய்வு காட்டியது. நஞ்சு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை, சாப்பாட்டில் சத்து குறைந்ததே போதுமாக இருந்தது.

முட்கோவின் எதிர்ப்புப் பரம்பரையலகைச் சேர்த்து 1973 இல் ஐ.ஆர். 26 என்ற இனம் வெளிவந்தது. பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் பெரும் பரப்பில் விதைத்தார்கள். மூன்று நான்கு ஆண்டுக்குள் அதை மீறிக் குடிக்கக்கூடிய தத்திகள் பெருகி, எதிர்ப்பு என்ற பெயர் மட்டும் மிஞ்சியது. காரணம் மேலே பார்த்த அதே பெருக்கல்தான். கிட்டத்தட்ட எல்லாத் தத்திகளும் பட்டினி கிடக்கும் வயலில், ஆயிரத்தில் ஒன்று குடிக்கத் தெரிந்ததாக இருந்தால், அதன் பிள்ளைகளுக்கு வயல் முழுவதும் போட்டியில்லாத விருந்து. ஆண்டுக்கு இரண்டு மூன்று போகம், போகத்துக்கு மூன்று தலைமுறை. நாலு வருடம் என்பது தத்திக்கு நெடுங்காலம்.

இங்கே இலங்கைக்காரர் கவனிக்க வேண்டிய விஷயம், தெற்காசியாவின் தத்திகளுக்கு முட்கோவின் எதிர்ப்பு முதலிலிருந்தே பெரிய தடையாக இருக்கவில்லை. பிலிப்பைன்ஸ் தத்தி பட்டினி கிடந்த செடியில் எங்கள் தத்தி சாதாரணமாகக் குடித்தது. எதிர்ப்பு என்பது நெல்லில் மட்டும் இருக்கும் குணமல்ல, அந்த நெல்லும் அந்த ஊர்த் தத்தியும் சந்திக்கும்போது வருவது. வேறு நாட்டில் "எதிர்ப்பு" என்று எழுதியதை இங்கே அப்படியே நம்ப முடியாததற்குக் காரணம் இதுதான்.

மறுபக்கம் பார்த்தால் இலங்கையே இந்த விஷயத்தில் ஒரு களஞ்சியம். உலகம் முழுவதிலுமிருந்து திரட்டிய பாரம்பரிய இனங்களைச் சோதித்தபோது, தத்தியை எதிர்த்தவற்றில் கணிசமானவை இலங்கையையும் தென்னிந்தியாவையும் சேர்ந்தவையாக இருந்தன. ரத்து ஹீனட்டி, பாபாவி என்ற இரண்டு இலங்கை இனங்களின் பெயர் தத்தி பற்றிய எந்த ஆய்விலும் வந்துவிடும். முட்கோவை மீறிய தத்திகளும் இவற்றில் திணறின. ரத்து ஹீனட்டியில் இந்த வேலையைச் செய்வது ஒரு பரம்பரையலகல்ல, அடுத்தடுத்து இருக்கும் மூன்றின் தொகுதி என்று சீன ஆய்வாளர்கள் 2015 இல் கண்டறிந்தார்கள். கேரளத்தின் பட்டாம்பியிலிருந்து வந்த பி.டி.பி. 33 இன்னொரு பேர்பெற்ற மூலம். குருநாகல் மாவட்டத்துப் பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையம் அதைக் கலந்துதான் பி.ஜி. 379-2 என்ற நாலு மாத இனத்தை 1980 இல் வெளியிட்டது. தத்தி எதிர்ப்பையே நோக்கமாக வைத்து இங்கே உருவான இனங்களில் இது முக்கியமானது.

இந்தப் பாரம்பரிய இனங்களை நூறு வருடம் ஒரே இடத்தில் தத்தியோடு வாழ்ந்தவர்கள் தெரிந்தெடுத்து வைத்திருந்தார்கள் என்று பெருமைப்படுவது சரிதான். அதற்காக எல்லாப் பழைய நெல்லும் பூச்சியை எதிர்க்கும் என்று இப்போது சிலர் மேடையில் பேசுவது சரியல்ல. பழைய இனங்களிலும் பெரும்பாலானவை தத்திக்கு நல்ல சாப்பாடுதான்.

அடுத்தது மதிப்பெண் விவகாரம். ஒரு இனத்தை எதிர்ப்பு, நடுத்தர எதிர்ப்பு, பாதிக்கப்படும் என்று வகுப்பதற்கு முதலில் செய்யும் சோதனை நாற்றுப்பெட்டிச் சோதனை. ஒரு பெட்டியில் பல இனங்களை வரிசையாக முளைக்கவிட்டு, ஏறக்குறைய ஒரு வார நாற்றில் இளம் தத்திக் குஞ்சுகளை விட்டு, எதிர்ப்பே இல்லாத டி.என். 1 என்ற இனம் செத்ததும் மற்றவற்றுக்குப் புள்ளி போடுகிறார்கள். 0 என்றால் சேதமில்லை, 9 என்றால் செத்துவிட்டது. ஆயிரக்கணக்கான இனங்களை விரைவாகக் கழிப்பதற்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் இது அளப்பது பூச்சி நெருக்கும்போது நாற்று உயிரோடிருக்கிறதா என்பதை. ஐம்பது நாள் பயிரில் ஒரு பெண் எத்தனை முட்டை இடுகிறது என்பதை இது அளக்கவில்லை. 1985 இல் வந்த ஐ.ஆர். 64 இதற்குச் சாட்சி. நாற்றுச் சோதனையில் பெரிதாக ஒன்றும் மின்னாத இனம், வயலில் பல ஆண்டு தத்தியை மட்டுப்படுத்திக்கொண்டே இருந்தது. ஐ.ஆர். 26 க்கு இருந்த அதே முதன்மைப் பரம்பரையலகு இதிலும் இருந்தது. கூடவே சிறுசிறு குணங்கள் சில சேர்ந்திருந்தன. கொஞ்சம் பிடிக்காமல் போவது, கொஞ்சம் முட்டை குறைவது, கொஞ்சம் பொறுத்துக்கொள்வது. எந்த ஒன்றும் தனியாகப் பெரிய எதிர்ப்பு இல்லை. மீறி வருவதற்குத் தத்திக்கு ஒரே கதவு இருக்கவில்லை.

நடுத்தர எதிர்ப்பு என்ற வகை விதை வாங்கும் இடத்தில் மதிப்பிழந்து கிடக்கிறது. என் பார்வையில் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

ஒரு இனத்தின் வயதும் தத்தியின் பெருக்கத்தைத் தீர்மானிக்கிறது என்பதை யாரும் பூச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. பி.ஜி. 300 என்றால் மூன்று மாதம், பி.ஜி. 352, ஏ.டி. 362 என்றால் மூன்றரை, பி.ஜி. 403 என்றால் நாலு மாதம் என்று பெயரிலேயே வயது இருக்கிறது. பி.ஜி. 94-1, 379-2 போன்ற பழைய பெயர்களுக்கு இந்த விதி பொருந்தாது. பறந்து வரும் தத்தி விதைத்து முதல் மாதத்துக்குள் வயலில் இறங்குகிறது என்று வையுங்கள். மூன்று மாத நெல்லில் அதற்கு மிஞ்சுவது இரண்டு தலைமுறைக்கான காலம், நாலு மாத நெல்லில் மூன்று. எதிர்ப்பே இல்லாத இனத்தில் இரண்டு தலைமுறை என்றால் 10 ஐ இரண்டு முறை பெருக்கி நூறு. நாம் முதலில் எடுத்த நடுத்தர இனத்தில் மூன்று தலைமுறை என்றால் 118. ஆக, எதிர்ப்பில்லாத குறுகிய வயது நெல்லும் நடுத்தர எதிர்ப்புள்ள நீண்ட வயது நெல்லும் அறுவடையில் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. எதிர்ப்பும் இல்லாமல் வயதும் நீண்டதுதான் ஆபத்தான சேர்க்கை.

ஆனால் இந்தக் கணக்கு ஒரு வயலுக்குள் மட்டும்தான் நிற்கும். கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் கந்தளாயையும் தம்பலகாமத்தையும் நனைத்துக்கொண்டு போகிறது. வெருகல் ஆற்றுத் தண்ணீர் அல்லைத் திட்டத்தின் வயல்களுக்குப் போகிறது. எந்த வாய்க்காலிலும் தலைப்பில் இருப்பவருக்குத் தண்ணீர் முதலில், கடைசிக் கண்டத்துக்குப் பிந்தி. விதைப்பும் அதன்படி பிந்துகிறது. தலைப்பில் மூன்று மாத நெல் முற்றி மஞ்சளாகும் நேரம், கடைசியில் பிந்தி விதைத்த மூன்றரை மாத நெல் இளம் பச்சையாக நிற்கும். முற்றிய நெல்லில் சாறு கெட்டதும் நீண்ட சிறகுகள் கிளம்பும். எங்கே இறங்கும் என்று சொல்லத் தேவையில்லை. கடைசிக் கண்டத்துக்காரர் சதுர மீற்றருக்கு ஒன்றோடு தொடங்கவில்லை, முப்பது நாற்பதோடு தொடங்குகிறார். அவருக்கு இரண்டே தலைமுறை போதும். போகக் கூட்டத்தில் விதைப்புத் திகதியை முடிவு செய்யும்போது இதைத் தண்ணீர்ப் பிரச்சினையாக மட்டும் பார்க்கிறோம். ஒரே வாய்க்காலில் ஒரே வயதுடைய இனங்களைக் கிட்டத்தட்ட ஒரே வாரத்தில் விதைப்பது தத்தியின் தலைமுறை ஒன்றை வெட்டிவிடுவதற்குச் சமம்.

நல்ல இனத்தை விதைத்துவிட்டு அதன் நன்மையை நாமே அழிக்கவும் முடியும். முதலாவது வழி யூரியா. நைதரசன் கூடினால் உரியத்தில் அமினோ அமிலம் கூடும். தத்தியின் முட்டை கூடும், குஞ்சு பிழைப்பதும் கூடும். முட்கோவில் அஸ்பரஜின் குறைவால் நடந்ததற்கு நேர் எதிரானது. நடுத்தர எதிர்ப்பு உள்ள இனத்துக்குச் சிபாரிசைத் தாண்டி அள்ளிப் போட்டால், அது நடுத்தரமாகவும் இருக்காது. இதைச் சொன்னதும் சிலர் 2021 ஐ இழுப்பார்கள். அந்த ஆண்டு இரசாயனப் பசளையை ஒரேயடியாகத் தடை செய்தது இதற்கு மருந்தாகவில்லை, பயிருக்கே சாப்பாடில்லாமல் போனதுதான் மிச்சம். பிரச்சினை யூரியா போடுவதில் இல்லை. ஒரே தடவையில் கொட்டுவதிலும், பக்கத்து வயல் கரும்பச்சையாகத் தெரிகிறதே என்று இன்னும் ஒரு கை போடுவதிலும் இருக்கிறது.

இரண்டாவது வழி தேவையில்லாமல் மருந்தடிப்பது. இலைமடிச்சுக்கட்டியைக் கண்டு பயிரின் முதல் நாற்பது நாளுக்குள் அடிக்கும் மருந்து தத்தியின் எதிரிகளைக் கொல்கிறது. ஓநாய்ச் சிலந்தியும், தத்தியின் முட்டையைத் தேடி உறிஞ்சும் பச்சை நிறச் சிறு நாவாய்ப்பூச்சியும்தான், நம் கணக்கில் பிழைக்காமல் போன பத்தில் ஒன்பதில் பெரும்பகுதியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவை. இலைமடலுக்குள் இருக்கும் தத்தி முட்டைக்கு மருந்து படாது. டெல்டாமெத்ரின் போன்ற சில மருந்துகள் கொல்லாத அளவில் பட்டால் தத்தியின் முட்டையைக் கூட்டியும் விடுகின்றன என்று 1980 அளவிலேயே லொஸ் பானோஸில் கண்டார்கள். இந்தோனேசியா 1986 இல் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்ததன் பின்னால் இருந்ததும் இந்த அனுபவம்தான்.

நடுத்தர எதிர்ப்பும் சிலந்தியும் சேரும்போது பலன் கூட்டலாக வருவதில்லை, பெருக்கலாக வருகிறது. எதிர்ப்புள்ள செடியில் சாறு கிடைக்காத தத்தி இடம் மாறி மாறி அலையும், அலைவது சிலந்தியின் கண்ணில் படும். குஞ்சுப் பருவம் நாலு நாள் நீண்டால், அகப்படுவதற்கும் நாலு நாள் கூடுதல். சிலந்தி வாரத்துக்குச் சாப்பிடும் எண்ணிக்கை அதேதான், ஆனால் தத்தி மெதுவாகப் பெருகுவதால் அந்த எண்ணிக்கை இப்போது போதுமானதாகிவிடுகிறது. மருந்தடித்தால் இந்தக் கூட்டு உடைந்துவிடும், பிறகு இனத்தைக் குறை சொல்வோம்.

நெல்லை விட்டு ஒரு நிமிடம் கௌப்பிக்குப் போனால் இனத்தின் பங்கு இன்னும் வெளிச்சமாகத் தெரியும். கௌப்பியையும் பயறையும் குத்தும் வண்டு விதையின் மேல் முட்டையை ஒட்டும். குஞ்சு விதைக்குள் போய் அங்கேயே வளர்ந்து வட்டத் துளை போட்டு வெளியே வரும். வளர்ந்த வண்டுக்குச் சாப்பாடே தேவையில்லை. வாழ்க்கைக்கு வேண்டிய முழு உணவும் அந்த ஒரு விதைதான். நைஜீரியாவின் இபடானில் உள்ள ஆராய்ச்சி நிறுவனம் கண்ட டி.வி.யு. 2027 என்ற கௌப்பியில் வண்டு குறைவாகவும் பிந்தியும் வெளிவந்தது. திரிப்சினைத் தடுக்கும் புரதம் காரணம் என்று முதலில் நினைத்தார்கள். விதையின் சேமிப்புப் புரதமே வண்டால் செரிக்க முடியாத வடிவில் இருப்பது பின்னால் தெரிந்தது. வீட்டில் விதைக்கென்று கௌப்பி வைப்பவர்களுக்கு வண்டு பத்து நாள் பிந்துவதே ஒரு போகத்து விதையைக் காப்பாற்றப் போதும்.

இதையெல்லாம் உங்கள் வயலிலேயே பார்க்க முடியும். ஒரே வரவையை இரண்டாக்கி, ஒரே வயதுள்ள இரண்டு இனங்களை ஒரே நாளில் விதையுங்கள். யூரியா, தண்ணீர் இரண்டுக்கும் ஒரே அளவு, ஒரே நாள். இரண்டில் ஒன்றுக்கு மட்டும் மருந்தடித்தால் சோதனை கெட்டுப்போகும். முப்பதாவது நாளிலிருந்து வாரத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொரு பக்கத்திலும் வரம்போரத்தை விட்டு உள்ளே போய், பத்து இடத்தில் செடியின் அடியைத் தட்டித் தண்ணீரில் விழுவதை எண்ணுங்கள். மொத்தத் தொகையை விட இரண்டு விஷயம் முக்கியம்: போன வாரத்தோடு ஒப்பிட எத்தனை மடங்கு கூடியது, வளர்ந்த பெண்களில் குட்டைச் சிறகு எத்தனை. முதல் இரண்டு வாரத்தில் இரண்டு பக்கமும் ஒன்று போலத்தான் தெரியும். பூட்டை பருவத்தில், அறுபது நாளுக்குப் பிறகு வரும் எண்ணிக்கைதான் பதில். எண்ணும்போது சிலந்தியையும் சேர்த்து எண்ணி, விவசாயப் போதனாசிரியர் அடுத்த முறை வரும்போது அந்தத் தாளைக் காட்டுங்கள். மருந்து வேண்டுமா வேண்டாமா என்று பேசுவதற்கு அதைவிட நல்ல ஆதாரம் அவர் கையிலும் இருக்காது.